டாக்டர்களுக்குப் பாடம் எடுத்த பியூலாவுக்கு

என் பியூலாக் கண்ணுக்கு,

ராஜபாளையத்திலிருந்து உன் அக்கா எழுதுகிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் வகுப்பு நிற்கவில்லை. நீ போன புதிதில் சில ஞாயிறுகள் யாருக்கும் வந்து உட்கார மனம் வரவில்லை. பிறகு நானே எல்லோருக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். இப்போது என் கிளினிக்கின் பின்னறையில் நடக்கிறது. வருகிறவர்களில் ஒருவருக்கு என்னைவிட வயது அதிகம்.

"பிள்ளைக்குப் பொண்ணு பாக்குற வயசுல எனக்கு என்ன பரீட்சை டாக்டரம்மா?" என்று போன வாரம் அலுத்துக்கொண்டார். அன்று நானும் உன்னிடம் இப்படித்தான் அலுத்துக்கொண்டேன். நீ எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். "நம்ம ஊர்ல நம்மளத் தெரியும். அந்த ஊர் நோயாளிக்கு நாம யாருன்னு தெரியாதுல்லா? நாமதான் தெரியப்படுத்தணும்."

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. நானும் பிள்ளைகளோடு அங்கே போய் வைத்தியம் பார்க்க வேண்டுமானால், அந்த நாட்டு உரிமத் தேர்வில் புதிதாகத் தேற வேண்டும். எழுத்துத் தேர்வு, அதன்பின் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, இரண்டும் பம்பாயில். நான் அப்போதே பல வருஷமாகக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தவள். மில் தொழிலாளிகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் என்று காலையில் கதவைத் திறந்தால் வரிசை தெருவரை நிற்கும். இது என்ன பெரிய பரீட்சை என்றுதான் ரயில் ஏறினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். வைவாவில் தோற்றேன்.

தேர்வாளரே நோயாளியாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வயிற்றுவலி என்றார். இரண்டு கேள்வி கேட்டேன். நோயைச் சொன்னேன், மருந்தையும் சொன்னேன். "நான் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. "என் தொழில் என்னவென்று கேட்டீர்களா?" அதையும் கேட்கவில்லை. கிளினிக்கில் அதற்கெல்லாம் நேரம் ஏது? என் தெருவில் நிற்கிற வரிசையை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

ஊருக்கு வந்தால், "அம்புட்டுப் பேருக்கு வைத்தியம் பாக்குற அம்மா, பம்பாயில ஃபெயிலாம்ல" என்று மருந்துக்கடையில் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. வீட்டுக்காரர் போனில், "விட்டுரு. நான் வேணா வேலைய விட்டுட்டு வந்துருதேன்" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வீம்பு வந்தது. என்னால் அவர் வேலையை விடுவதா? அப்பாவை விடுமுறைக்கு வருகிற விருந்தாளி மாதிரி என் பிள்ளைகள் பார்த்து வளர்வதா?

உன்னைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்க் குழந்தை வைத்தியர் சுந்தரராஜு சார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டர் பொண்ணு இருக்கும்மா. அதே பரீட்சையில தேறி, அங்க போய் வேலையும் பாத்துட்டு வந்திருக்கு. நம்மள மாதிரி ஆளுகளுக்கு வகுப்பெடுக்குது. அங்க இருக்கிற மகன்கிட்டப் போய் இருக்கலாம்னு நானும் சேந்துட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்தேன். நீ அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பி, உங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். இந்தப் பெண்ணா எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறது என்று நினைத்தேன். நீ நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாய். பிறகு சிரித்தாய்.

"ஒங்களுக்கு வைத்தியம் நல்லாத் தெரியும்க்கா. கேக்கத்தான் மறந்துபோச்சு. ஒங்க வாசல்ல நிக்கிற கூட்டம் அப்புடி. வாங்க, உக்காருங்க."

உன் வகுப்பில் புத்தகம் கொஞ்சம்தான், நடிப்புதான் நிறைய. நீ நோயாளி, நாங்கள் டாக்டர். குடிப்பதை மறைக்கிற லாரி டிரைவராக வருவாய். தன் நோயை விட்டுவிட்டுத் தன் மாட்டின் நோயைச் சொல்கிற வன்னியம்பட்டி விவசாயியாக வருவாய். புருஷனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற இளம் மனைவியாக வந்தால், புருஷனும் நீயே, மனைவியும் நீயே. ஒருநாள் லாரி டிரைவரோடு மல்லுக்கட்டிப் பொறுமை இழந்த ராஜு சார், "ஏலே, உண்மையச் சொல்லித் தொலையேம்லே!" என்று எழுந்தேவிட்டார். "சார், அந்த ஊர்ல இப்புடிக் கேட்டா லைசென்ஸ் தர மாட்டாங்க, போலீஸத்தான் கூப்பிடுவாங்க" என்றாய். உன் அம்மா உள்ளே இருந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

விடை கிடைத்துவிட்டது என்று எங்கள் முகம் மலரும்போதெல்லாம் நீ ஒன்றே ஒன்று சொல்வாய். "தெரிஞ்சிருச்சா? நல்லது. இப்பத்தான் இன்னும் ஒரு கேள்வி கேக்கணும்."

அந்த ஐப்பசி ஞாயிறு உனக்கு நினைவிருக்கிறதா? வெளியே மழை. என் வைவாவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருந்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது வயதுப் பெண், மூச்சு இளைக்கிறது என்றாய். நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். குளிருக்கு இளைப்பு அதிகமா, அதிகம். நெஞ்சில் கீச்சுச் சத்தமா, உண்டு. "ஆஸ்துமா" என்றேன். சரியென்று தலையாட்டப் போனாய். உன் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்ததால் இன்னும் ஒன்று கேட்டேன்.

"படுத்தா இருமல் வருதாம்மா?"

"வரும் டாக்டர். ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுப்பேன். எந்திச்சு உக்காந்தா செத்த நேரத்துல சரியாயிரும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆஸ்துமாவோடு அது சரியாகப் பொருந்தவில்லை. "சளியில ரத்தம் பாத்திருக்கீங்களா?"

நீ ஒரு கணம் தயங்கினாய். நடிக்கிறவள் அப்படித் தயங்க மாட்டாள். "எப்பவாவது. நூல் மாதிரி" என்றாய்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

நீ வாயைத் திறக்கும் முன் உள்ளே இருந்து உன் அம்மா சொன்னார். "வந்துச்சே! நாலாங்கிளாஸ் படிக்கையில முழங்காலு ரெண்டும் வீங்கி, மாசக்கணக்காப் படுத்துக்கெடந்தாளே!"

"அம்மா, நீங்க சும்மா இருங்க. இது பாடம்" என்றாய். உன் முகம் வெளுத்துவிட்டது. "பாடம் முடிஞ்சுதுக்கா. ஆஸ்துமாதான் சரியான பதில். நானே அதுக்குத்தான மாத்திரை சாப்பிடுதேன்."

"முடியல பியூலா. இடது பக்கமாத் திரும்பிப் படு" என்றேன்.

ராஜு சார் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் ஸ்டெதாஸ்கோப்பை உன் நெஞ்சில் வைத்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில், தூரத்தில் வண்டி உருள்வது போல ஒரு உறுமல். அவரையும் கூப்பிட்டேன். மூட்டுக் காய்ச்சலால் இதயம் கெட்ட பிள்ளைகளை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது மூச்சுக்குழாய் இல்லம்மா. வால்வு. நல்லாச் சுருங்கிருக்கு" என்றார்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. சண்டையே போட்டாய். "பம்பாயில ஃபெயிலானவங்க எனக்கு நோய் சொல்லுதீகளோ?" என்றுகூடக் கேட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. "ஆமா. அதுல ஃபெயில்தான். இதுல நான் ஃபெயிலாக மாட்டேன்" என்றேன்.

"சரிக்கா, ஒங்க வைவா முடியட்டும். அதுக்குப் பொறவு பாத்துக்கலாம்."

"நீ நாளைக்கு எங்கூட மதுரைக்கு வந்தாத்தான் நான் பம்பாய்க்குப் போவேன். இல்லன்னா அந்தப் பரீட்சையே எனக்கு வேண்டாம்."

உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று நம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "காலையில எத்தன மணி பஸ்ஸு?" என்று என்னிடம்தான் கேட்டார்.

மதுரையில் பார்த்தார்கள். ராஜு சார் சொன்னதேதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்றார் அந்த இதய மருத்துவர். மெட்ராஸில் ஆபரேஷன் ஆயிற்று. சுருங்கியிருந்த வால்வை அகலப்படுத்தினார்கள். நான் கிளினிக்கைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருந்தேன். அங்கிருந்துதான் பம்பாய்க்கு ரயில். நீ என்ன செய்தாய்? தையல்கூடப் பிரிக்காமல் படுத்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸுகளையெல்லாம் நிறுத்தி, "இந்தக்கா கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லுங்க, கொஞ்சம் பொய்யும் சேத்துச் சொல்லுங்க" என்று என்னைப் பழக்கினாய்! சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்று தலையணையை அணைத்துக்கொண்டு சிரிப்பாய்.

வைவாவில் அந்த முறை என் எதிரில் உட்கார்ந்த தேர்வாளர், தலைவலி என்று ஆரம்பித்தார். நான் கேட்டுக் கேட்டு, அவர் தூங்காததையும், தூங்காததற்கு வீட்டில் இருந்த காரணத்தையும் வெளியே கொண்டுவந்துவிட்டேன். எழுந்திருக்கும்போது அவர் கைகொடுத்தார். தேறிவிட்டேன் என்று போனில் சொன்னபோது நீ, "தெரியும்க்கா" என்றாய். அவ்வளவுதான். ஆனால் நீ அழுதது எனக்குக் கேட்டது.

நான் அங்கே போய்ப் பிள்ளைகளை வளர்த்து, வேலை பார்த்து, தொண்ணூறுகளில் திரும்பி வந்தேன். நீ அத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் பாடம் எடுத்தாய். உன்னிடம் படித்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து நோயாளிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வால்வு மறுபடி சுருங்கியபோது நீ ஒன்றையும் மறைக்கவில்லை. நீயே வந்து, "அக்கா, திரும்ப ஆரம்பிச்சிருச்சு" என்றாய். செய்ய வேண்டியதை எல்லோரும் செய்தோம். இந்த முறை உன் இதயம் ஆபரேஷனைத் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மழைநாளில் உன் நோயை ஆஸ்துமா என்று நீ நிஜமாகவே நம்பினாயா? அல்லது யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயா? எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சிரித்து மழுப்பினாய்.

இப்போது போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். உன்னளவு எனக்கு நடிக்க வராது. நான் லாரி டிரைவராக வந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதனால் உன் அம்மாவைப் போய்க் கூட்டி வந்தேன். நீ போனதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. "நான் என்னத்த நடிக்க?" என்றார். "மூட்டுவலின்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்றேன்.

டாக்டராக உட்கார்ந்தவள் தளவாய்புரத்துச் செல்வி. கல்யாணம் ஆனதும் தொழிலை விட்டுவிட்டு, இத்தனை வருஷம் கழித்துக் கணவரோடு வெளிநாடு போவதற்காகத் திரும்பப் படிக்க வந்திருக்கிறவள். எதற்கும் பயப்படுவாள்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டாள்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒறக்கம் இல்ல டாக்டர். எம்மக போயிட்டா."

இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. செல்வி திகைத்து என்னைப் பார்த்தாள். அவள் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவுங்க பேரு என்னம்மா?"

"பியூலா" என்றார் உன் அம்மா. "அவளும் டாக்டருதான்."

பிறகு உன் அம்மா பேசினார், பியூலா. நீ பிறந்ததிலிருந்து பேசினார். அழுதார், நடுவில் சிரித்தார், உன்னை மாதிரியே பேசிக்காட்டினார். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்ன மருந்து தருவீக?" என்று கேட்டார்.

செல்வி யோசித்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்கம்மா. நான் இன்னும் கேக்க வேண்டியது இருக்கு" என்றாள்.

அந்தப் பெண் தேறிவிடுவாள், நீ கவலைப்படாதே. அம்மாவை வாராவாரம் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துத் திரும்பக் கொண்டுவந்தும் விடுவேன். என் காலில் தெம்பு இருக்கிறவரை இந்த ஞாயிறுகள் நடக்கும். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன்னைவிட மூத்தவள், உன்னிடம் படித்தவள்,
உன் அக்கா
ரெங்கநாயகி