மாதா கோவில் எண்ணெய்

பேக்டரி குவாட்டர்ஸ், ஆவடி
20.8.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை போனைத் தொட மாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு நடக்கிறீர்கள். அதனால் உங்கள் குழுவுக்கு அரிசி ஏற்றிவரும் பாபுதான் எனக்குத் தபால்காரர். பரவாயில்லை, கல்யாணத்துக்கு முன் எழுதாத கடிதங்களை இப்போதாவது எழுதுவோம்.

கால் கொப்பளித்திருக்குமே? வேப்பெண்ணெய் பையின் அடியில் இருக்கிறது. எனக்கு வயிற்றில் மறுபடியும் நீர் கோத்துவிட்டது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கூட வந்த மேல்வீட்டு அக்காவிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கிறதக் குடுங்க" என்றார். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வர வேண்டும்.

ஜெசிந்தா

கடலூர்
22.8.2024

அன்பு ஜெசி,

மரியே வாழ்க! உன் கடிதத்தை மாதா தேரின் முன்னால் வைத்து அழுதேன். பாதி வழியில் திரும்பினால் நேர்த்தி உடைந்துவிடுமே. உன் உயிருக்காக நேர்ந்ததை நானே உடைப்பதா? புயலில் சிக்கிய கப்பல்காரர்கள் நேர்ந்துகொண்டு கட்டிய கோவில் அது. அவர்களைக் காப்பாற்றியவள் உன்னைக் கைவிடுவாளா?

மணலில் முழங்காலிட்டுப் போவேன். கோவில் எண்ணெய் கொண்டுவருவேன். நெற்றியில் ஒரு சொட்டு வைத்தால் எழுந்துவிடுவாய். வேப்பெண்ணெய் தீர்ந்துவிட்டது, கால் ஒரே ரணம். இருக்கட்டும், உனக்காகத்தானே.

உன் அமலதாஸ்

ஆவடி
24.8.2024

என்னங்க,

கப்பல்காரர்கள் கரைசேர்ந்த பிறகுதான் கோவில் கட்டினார்கள். கப்பல் தத்தளிக்கும்போது யாரும் இறங்கிப் போகவில்லை.

மேல்வீட்டு ராஜகுமாரி அக்காதான் எனக்குத் துணி மாற்றுகிறாள். "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு இன்னும் நடந்துகினே கீறாரா?" என்றாள். சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

கோபமாகவே கேட்கிறேன். எனக்காக நடக்கிறீர்களா, என்னைப் பார்க்க முடியாமல் நடக்கிறீர்களா? பாபு வண்டியில் ஏறி வந்துவிடுங்கள். மகனின் சிலுவையடியில் கடைசிவரை நின்றவள் மாதா. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஜெசிந்தா

சீர்காழி
26.8.2024

ஜெசி,

வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டேன். மற்றவர்கள் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். நேர்த்தியை உடைத்து நான் திரும்பிய நேரத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம் வந்தது. இறங்கிவிட்டேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நடந்தால் ஏதோ செய்வதுபோல் இருக்கிறது. 29ஆம் தேதி கொடியேற்றம்வரை பொறுத்துக்கொள், தாயே.

அமலதாஸ்

ஆவடி
28.8.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பேனா பிடிக்க எனக்கு வலுவில்லை. நான் சொல்லச் சொல்ல ராஜகுமாரி அக்கா எழுதுகிறாள்.

நேற்று ஃபாதர் வந்து நோயிற்பூசுதல் கொடுத்து, சாகிறவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னார். நெற்றியில் எண்ணெய் வைத்தாகிவிட்டது. ஃபாதரின் கையை உங்கள் கை என்று நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

இனி வண்டியில் ஏற வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். முழங்காலில் போய் நேர்த்தியை முடியுங்கள். வாருங்கள் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

கோவில் எண்ணெயை எனக்கென்று சுமந்து வராதீர்கள். உங்கள் கால் ரணத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா