மாறிப்போன ஆப்பிள் பெட்டி

குரோயிஷி,
வெள்ளிக்கிழமை காலை.

என் செல்ல மகள் தொமோயோவுக்கு,

அப்பாவும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டுமே என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நகோயாவில் கச்சேரி முடிந்ததும் டோக்கியோவில் உன் அறைக்குப் போகாதே. காரணத்தைப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உங்கள் குழுவின் பாட்டு மூன்று வாரமாக முதலிடத்தில் இருப்பதில் ஊருக்கே தலைகால் புரியவில்லை. முடி வெட்ட வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே பாட்டில் வரும் அந்தக் கையாட்டத்தை ஆடுகிறார்கள். யார் காதை வெட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மீன்கடை சகாயே, "ஏன்யா, உங்க குடும்பத்துல யாருக்குமே இடுப்பு வளையாதே, இவ மட்டும் எப்படி?" என்று மானத்தை வாங்குகிறான்.

போன மாதம் குசகாபே என்று ஒருவர் டோக்கியோவிலிருந்து வந்து என்னிடம் சவரம் செய்துகொண்டார். பரம சாது. உன் கையைக் குலுக்குவதற்காக நூற்றிருபது இசைத்தட்டு வாங்கினாராம். "தட்டுக்கு ஒரு கைகுலுக்கல் சீட்டு, சீட்டுக்கு நாலு செகண்ட். மொத்தமா எட்டு நிமிஷம் பேசினேன், சார்" என்றார். மிஞ்சிய தட்டுகளை நம் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, என்னிடம் தன் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது! வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் அனுப்பாமல் இருந்தால் என்ன மனுஷன் என்றுதான் தோன்றியது.

உனக்கு ஒரு பெட்டி ஆப்பிள், அவருக்கு ஒரு பெட்டி. உன் அறைச் சாவி இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிக் கேட்டாயே, எங்களிடம் இருந்த மாற்றுச் சாவியை உன் பெட்டியில் வைத்தேன். கூடவே கடிதம், அதன் தலைப்பில் உன் முழு விலாசம். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு காத்திருந்தார். அம்மா, "நிதானமா ஒட்டுங்க" என்று கத்தினாள். நான் அவசரத்தில் விலாசச் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டேன், மகளே. உன் பெட்டி அந்த குசகாபேவுக்குப் போய்விட்டது.

இன்று காலை அவனிடமிருந்து நன்றிக் கார்டு வந்தது. 'சாவியை நேரில் கொடுத்துவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறான்.

உடனே உன் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கச்சேரிப் பயணம் முடியும்வரை உங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே! அங்கிருந்த பெண், "இன்னிக்கு அவ அப்பான்னு சொல்லிட்டுப் பேசுற ஏழாவது ஆள் நீங்க" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எடுக்கவே இல்லை. காவல் சாவடிக்கு ஓடினேன். "சாவி அனுப்பினது நீங்கதானே? திருப்பித் தர்றேன்னுதானே சொல்றான்?" என்கிறார் அந்தப் பெரிய மனிதர். டோக்கியோவுக்குத் தகவல் சொல்கிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சவரக்கத்தி கையில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அதனால்தான் இதை நகோயா அரங்கத்துக்கே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ரசிகர் கடிதக் குவியலில் போய் விழுந்துவிடுமோ, யார் கண்டது. நான் பகல் ரயிலில் கிளம்பி அரங்கத்தின் பின்வாசலுக்கே வருகிறேன். காவலாளி துரத்தினாலும் நகரமாட்டேன். ஆனால் அங்கே நிற்கிற கூட்டத்தில் நானும் ஒரு கிழட்டு ரசிகனாகத்தானே தெரிவேன்?

கார்டில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "எழுதுங்க, இல்லேன்னா அப்பா சும்மா பயப்படுறாருன்னு அறைக்குப் போயிடுவா" என்று அம்மா அழுகிறாள்.

'ஆப்பிள்களைத் தொமோயோவின் அறைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே அடுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது சில்லென்று இருக்கும்.'

தொமோயோ, என் கண்ணே, யாரோடாவது ஒட்டிக்கொண்டே இரு. அப்பா வந்து உன் கையைப் பிடிக்கும்வரை தனியாக ஓர் அடிகூட வைக்காதே. உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

உன் முட்டாள் அப்பா,
கென்சாகு