என் தோசைக்கல்லில் நீ சுட்ட சீஸ் ரொட்டி

அன்பு மருமகளே சுமதி,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை ஒரு நாளும் இப்படி அழைத்ததில்லை. ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் அங்கிருந்தே சிரித்துக்கொள்.

நீ போய் நான்கு மாதம். உன் மகள் யாழினி சரியாகச் சாப்பிடுவதில்லை. இட்லி வேண்டாம், சோறு வேண்டாம். அம்மா சுடுகிற சீஸ் ரொட்டிதான் வேண்டுமாம். அதை நீ எப்படிச் செய்தாய் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தேனா?

முதலில் மைக்ரோவேவில் வைத்தேன். ரொட்டி தோல் மாதிரி இழுத்தது. உன் புருஷன் ஏர்ஃபிரையரில் வைத்தான். காற்றில் மேல் ரொட்டித் துண்டு பறந்து, சீஸ் எல்லாம் கம்பியில் வழிந்தது. கடைசியில் வாணலியில் பட்டர் போட்டேன். வெளியே கரி, உள்ளே சீஸ் உருகவே இல்லை.

"இது அம்மாவோடது இல்ல, பாட்டி."

"பின்ன எதுலதான் சுடுவா உங்கம்மா?"

தலை குனிந்துகொண்டாள். "உங்க தோசைக்கல்லுல. வெள்ளிக்கிழமை நீங்க கோயிலுக்குப் போனப்புறம். 'பாட்டிகிட்ட சொல்லாத லா'ன்னு அம்மா சொன்னாங்க."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வாழவந்த முதல் மாதமே என் கல்லில் ரொட்டி வைத்தவள் நீ. அன்று நீ உடுத்தியிருந்த பச்சைக் கட்டம் போட்ட பாவாடைகூட எனக்கு நினைவிருக்கிறது. தோசைக்கல்லில் வேறு எதையாவது சுட்டால் தோசை எழும்பாது என்று தெரு கேட்கக் கத்தினேன். மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தை நான் விடவும் இல்லை.

இப்போதுதான் விளங்குகிறது. சனிக்கிழமையானால் தோசை கல்லைவிட்டு வராது. "என்ன மாவு அரைச்ச நீ?" என்று வாராவாரம் திட்டுவேன். "சரிங்கத்தே, அடுத்த வாரம் நல்லா அரைக்கிறேன்" என்பாய். மாவில் ஒரு குறையும் இல்லை. தெரிந்தே ஏன் வாங்கிக் கட்டிக்கொண்டாய்? நான் அவ்வளவு பயமாகவா இருந்தேன், சுமதி?

போன வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. கல்லை அடுப்பில் வைத்தேன். பிள்ளை சொல்லச் சொல்லச் செய்தேன். ரொட்டியின் வெளிப்பக்கம் மார்ஜரின், உள்ளே சீஸும் துளி மிளகாய்ச் சம்பலும், தீ சின்னதாக, மேலே அழுத்த ஒரு செம்புத் தண்ணீர். மொறுமொறுவென்று சிவந்து வந்தது.

முழுசும் சாப்பிட்டாள். "அம்மாது மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். இத்தனை நாள் அழாத பிள்ளை.

மறுநாள் தோசை ஒட்டிக்கொண்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று திரும்பினேன். அடுப்படியில் நீ இல்லை.

இனி வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கல் உன்னுடையது. சனிக்கிழமை பிய்ந்த தோசையை நான் தின்றுகொள்கிறேன், யாரையும் திட்டாமல்.

உன்னிடம் தோற்றுப்போன
உன் அத்தை