அப்பாவின் கையெழுத்து

அக்கா, எங்கள் வீட்டில் நீங்கள் விட்டுவைத்த பச்சைக் கோப்பைத் திறந்தேன். கராம்பு வாசம் இன்னும் போகவில்லை. வாயில் கராம்பை அடக்கிக்கொண்டுதான் நீங்கள் எந்தத் தாளையும் படிப்பீர்கள். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் உங்களுக்குக் காப்புறுதி அலுவலகம். ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் சிறிய நிறுவனங்களுக்குப் பிணைக் கடிதம் எடுக்க உதவினீர்கள். அப்பா வேலையைப் பாதியில் விட்டால் நட்டத்தை வங்கியே கட்டும் என்று உறுதி சொல்லும் கடிதம் அது. அது இல்லாமல் ஜெர்மனியில் எங்கள் ஹம் நகரின் பஸ் தரிப்பிடங்களுக்குக் கல் பதிக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைக்காது. அப்பாவின் நிறுவனம் சின்னது என்று மூன்று வங்கிகள் திருப்பி அனுப்பிய பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

முதல் நாளே அப்பா விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை வைப்பாள். பள்ளிக்கூடக் கடிதம், வீட்டுக் கடிதம் எல்லாத்துக்கும் என்ர கையெழுத்தை அவள்தான் வைக்கிறவள். என்னைவிட வடிவாய் வைப்பாள்."

நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப கல்லையும் அவளே பதிக்கட்டும். நீங்கள் வீட்டில இருந்து சமையுங்கோ அண்ணை."

"ஐயோ வேண்டாம், ஒருத்தருக்கும் வாயில வைக்கேலாது" என்றார் அம்மா.

அன்று அப்பாவே கையெழுத்து வைத்தார்.

மாசியில் நீங்கள் இறந்துபோனீர்கள். அடுத்த மாதம் வங்கியிலிருந்து இன்னொரு தாள் வந்தது. அன்றே அனுப்ப வேண்டும். அப்பா வேலைத்தளத்தில் நின்றார். பழக்கத்தில் நானே அவர் கையெழுத்தை வைத்துத் தபாலில் போட்டேன். அவரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இன்று வங்கியிலிருந்து அழைத்தார்கள். நாளை பத்து மணிக்கு வரச்சொல்லி டெர்மின் தந்தார்கள். ஒரு கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமாம், அப்பா கடவுச்சீட்டோடு வரவேண்டுமாம். "சும்மா வழமையான அலுவல்" என்று அவர் சேர்ட்டை அயன் பண்ணிக் கொழுவினார். அது நான் வைத்ததாகத்தான் இருக்கும். அப்பாவைக் கள்ளன் என்று நினைப்பார்கள்.

இடையில் நிறுத்தியதை இப்போது தொடர்கிறேன். விடிய நாலரைக்கு அப்பா எழும்பிய சத்தம் கேட்டது. குசினிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கேத்தலை நிறுத்தினார். "எத்தினை தாள்?"

"ஒண்டு."

"வேற?"

"இல்லை அப்பா."

கேத்தலைத் திரும்பப் போட்டார். பிறகு, "எட்டு மணிக்கு வங்கிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொல்லுறன்" என்றார்.

"நான் கதைக்கிறன்."

"வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் காணும்."

பிணைக் கடிதம் இனிக் கிடைக்குமோ தெரியாது. கண்ணை மூடினாலும் அப்பாவின் கையெழுத்து என் விரல்களில் ஓடுகிறது, அக்கா. அதை எப்படி மறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.