உங்கள் தலையில் அடித்த சத்தியம்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

குமுதா எழுதுவது. நானும் நம் மகள் விஷ்ணுப்ரியாவும் இங்கே நலம். கடல் தாண்டிப் பிந்துலுவில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் முட்டி என்று வாயெடுத்தாலே நீங்கள் "வலிக்குதா, உக்காரு, மொதல்ல உக்காரு" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அப்புறம் நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறுவதில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான். பக்கத்து வீட்டு லோகேஸ்வரியின் தம்பி குரு நீங்கள் கட்டுமான வேலை பார்க்கும் சைட்டுக்கே வெல்டிங் வேலைக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பேனாவில் துணியைச் சுற்றித் தடியாக்கிப் பிடித்து எழுதுகிறேன். விரல் மடங்காதவர்கள் அப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

விஷ்ணுப்ரியாவுக்குப் பெட்டாலிங் ஜெயா ஆபீசில் வேலை அதிகம். காலையில் இருட்டோடு கிளம்பினால்தான் ஜாமில் மாட்டாமல் போக முடிகிறது. போவதற்கு முன் எனக்குச் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை, ரிமோட் எல்லாவற்றையும் சோபா பக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுகிறாள். நான் துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறாள். "அப்பா கேமராவில பாத்தாருன்னா என்னைத்தான் ஏசுவாரு" என்கிறாள். நீங்கள் ஹாலில் மாட்டிவிட்டுப் போன கேமராவைத்தான் சொல்கிறாள். நான் எழுந்து ஜன்னல் வரை போனால் அதற்குள்ளிருந்து உங்கள் குரல் அதட்டுகிறது. போன வாரம் கோரியர்காரர் வாசலில் நிற்கும்போது நீங்கள் போட்ட அதட்டலில் அவர் பார்சலைக் கீழே போட்டுவிட்டார். சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

நீங்கள் பிந்துலுவுக்குக் கிளம்பிய அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தின வாரம்தான் நான் மாடிப்படியில் சறுக்கி விழுந்திருந்தேன். மூட்டுவாதத்தில் முட்டி இரண்டும் வீங்கிக் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. வாசலில் கிராப் கார் வந்து ஹாரன் அடிக்கிறது, நீங்கள் செருப்பைப் போடாமல் நிற்கிறீர்கள். என் கையை எடுத்து உங்கள் தலையில் வைத்து, நீங்கள் திரும்பி வரும் வரை மாடிப்படி ஏறமாட்டேன், நின்றபடி ஒரு வேலையும் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னீர்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? உங்கள் தலையில் அடித்துச் சொன்னேன். நீங்களும் போய்விட்டீர்கள். அந்தச் சத்தியம் மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து இத்தனை மாதமாக என் படுக்கை ஹாலில். நம் அறை மாடியில் பூட்டிக் கிடக்கிறது. லோகேஸ்வரி சமைத்துக்கொண்டு வந்து, "அக்கா, அண்ணே சொல்லிட்டுப் போயிருக்காரு லா, நீங்க அசையக் கூடாது" என்று தட்டை மடியில் வைக்கிறாள். எல்லாரும் நல்லவர்கள்தான். அதில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் உங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போனதைப் பற்றிப் போனில் நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. எல்லாரும் வரிசையில் நின்று மேடைக்குப் போய் அட்சதை போட்டார்கள். நானும் எழுந்தேன். மூன்று பேர் ஓடிவந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கடைசியில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையிலிருந்து இறக்கி, என் நாற்காலிக்கு முன்னால் கூட்டிவந்து காலில் விழ வைத்தார்கள். என்னைவிட மூத்த உங்கள் அக்கா பட்டுப்புடவையோடு வரிசையில் நிற்கிறார். நான் உட்கார்ந்தபடி ஆசீர்வாதம் பண்ணுகிறேன். எனக்கு இன்னும் ஐம்பது முடியவில்லை, என்னங்க.

திங்கள்

நேற்று விரல் மரத்துப்போய் நிறுத்திவிட்டேன். இன்று தொடர்கிறேன். முக்கியமான விஷயமே இனிமேல்தான்.

போன மாதம் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்டில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, மூட்டுக்குள் இருந்த வீக்கம் அடங்கிவிட்டது என்றார். இதைத்தான் உங்களிடம் சொன்னேன், நீங்களும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி வலது காலை நீட்டச் சொன்னார். நீட்டினேன். நீளவில்லை. முட்டி மடங்கியே நிற்கிறது. தொடையைப் பிடித்துப் பார்த்தார், சதையே இல்லை. நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நோய் உங்களை முடக்கவில்லை அம்மா, உட்கார்ந்து உட்கார்ந்து நீங்களே முடங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். இப்படியே விட்டால் கால் மடங்கினது மடங்கினதாகவே இறுகிவிடும், அப்புறம் எந்த மாத்திரையாலும் நீட்ட முடியாதாம்.

பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே நோராய்னி என்று ஒரு மலாய்க்காரப் பெண். என்னை அக்கா முறை வைத்து 'கக்' என்றுதான் கூப்பிடுகிறார், வாய் ஓயாமல் பேசுகிறார். நாம் நினைத்துக்கொண்டிருப்பது தலைகீழ் என்று அவர்தான் புரியவைத்தார். நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். மூட்டுக்குள் இருக்கும் மெத்தைக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். கால் ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, அப்படித்தான் அது சுற்றியிருக்கும் நீரிலிருந்து தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுமாம். அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்றார். சுற்றியிருக்கும் சதை போய்விட்டால் உடம்பு பாரம் முழுக்க மூட்டின் தலையில்தான் விழும் என்றார்.

வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் ஓய்வு கொடுக்க வேண்டும், நீங்கள் அன்று சொன்னது அன்றைக்குச் சரி. ஆனால் வீக்கம் போன பிறகும் உட்கார்ந்திருப்பது சரியில்லை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அதற்குப் பயப்படக் கூடாது. செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி குறையாவிட்டால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தக் கூடாது. நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார வேண்டும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்க வேண்டும், வீட்டுக்குள் நடக்க வேண்டும், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறப் பழக வேண்டும். உட்கார்ந்தபடி செய்வதை எல்லாம் நான் ஒழுங்காகச் செய்கிறேன். கேமராவில் நான் காலாட்டிக்கொண்டு இருப்பதாக நினைத்துச் சிரித்தீர்களே, அதுதான். ஆனால் அது மட்டும் போதாதாம். நின்றால்தான் சதை வருமாம்.

ஏன் வீட்டில் நிற்பதில்லை என்று நோராய்னி கேட்டபோது சத்தியத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவர்கள் வழக்கத்திலும் சத்தியம் பெரிய விஷயம்தானாம். ஆனால் மீறும்படி ஆகிவிட்டால் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டு வெளியே வர ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையா கக் என்று கேட்டார். அந்த வாரமே கோயிலில் குருக்களிடம் கேட்டேன். யார் தலையில் அடித்தீர்களோ அவர் வாயால் விட்டேன் என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிடுங்கள், போதும் என்றார்.

உங்களிடம் கேட்காமலே ஒரு நாள் துணிந்தேன். விஷ்ணுப்ரியா வேலைக்குப் போன பிறகு, கேமராவுக்குத் தெரியாத பக்கமாகச் சுவரோடு நகர்ந்து போய் முதல் படியில் காலை வைத்தேன். வைத்தேன், எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அன்று சாயந்திரம் நீங்கள் போன் பண்ணி, சாரத்தின் மேலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவி உங்கள் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். நான் ஏன் போனை வைத்துவிட்டேன் என்று மறுநாள் கேட்டீர்களே, இதனால்தான். அது தற்செயல் என்று என் புத்திக்குத் தெரியும். நானும் ஸ்கூல் படித்தவள்தான், பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் நீங்கள் உயரத்தில் நின்று வேலை செய்கிறீர்கள், கை வைத்துச் சொன்ன தலை அது. அதற்குப் பிறகு அந்தப் படி இருக்கும் பக்கம்கூட நான் பார்ப்பதில்லை.

நீங்கள் ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைப் பெற்ற அத்தையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். காப்பார் எஸ்டேட்டில், முட்டி பூசணிக்காயாக வீங்கியிருக்க, செம்பனைப் பழம் பொறுக்கப் போவார்கள். கடைசியில் தரையில் தவழ்ந்து அடுப்படிக்குப் போனார்கள். நீங்கள் படிக்கிற வயசுப் பையன், பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அத்தை நடந்ததால் அப்படி ஆகவில்லை, என்னங்க. மருந்து இல்லை, கொதிக்கிற நாளில்கூட ஓய்வு இல்லை, குனிந்து தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை. எனக்கு மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நோராய்னி இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். அத்தையை உட்கார வைக்க முடியாமல் போன ஆதங்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். நான் உங்கள் அம்மா இல்லை. உங்கள் பொண்டாட்டி. மாடியில் நம் அறையில் படுத்துத் தூங்க ஆசைப்படுகிற பொண்டாட்டி.

சக்கர நாற்காலி ஆர்டர் பண்ணியிருப்பதாக நேற்று சொன்னீர்கள். எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள், சக்கரம் சத்தமே போடாதாம், பெரியது வாங்கியிருக்கிறீர்களாம். நான் சரி என்றேன். அது வீட்டுக்குள் வந்துவிட்டால் நான் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிகிறது. பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் வலது காலை நீட்டிப் பார்க்கிறேன். போன வாரத்தைவிட இந்த வாரம் குறைவாக நீளுகிறது.

இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணுங்கள். வலிக்குதா என்று கேட்காதீர்கள். வலிக்கத்தான் செய்யும், உட்கார்ந்தாலும் வலிக்கும், நடந்தாலும் வலிக்கும். விட்டேன் குமுதா என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். விழமாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பார்த்துப் போவேன்.

உயரத்தில் ஏறும்போது பெல்ட் மாட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்த மாரியம்மன் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் நான் சண்டை போடமாட்டேன், திருட்டுத்தனமாக ஏறவும் மாட்டேன். இந்தக் கால் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். உங்கள் தலையை வைத்து என்னால் விளையாடிப் பார்க்க முடியாது. அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்
குமுதா