கவுஞ்சியில் எரித்த பட்டியல்

இன்று காலை நாயுடுபுரம் அலுவலகத்தில் இரும்பு அலமாரியைத் திறந்தபோது பூண்டு வாடை வந்தது. நான் தேடியது யாருடைய கிரயப் பத்திரத்தையோ. கைக்கு வந்தது உங்கள் கவுஞ்சி ஊராரின் முப்பத்தெட்டு ஒப்புதல் படிவங்கள் அடங்கிய உறை. உன் வீட்டுப் பூண்டுப் பரணுக்குக் கீழே, அடுப்புப் புகைக்கு நடுவே கையெழுத்தான தாள்கள். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை வரிசை மாறாமல் சொல்ல முயல்கிறேன்.

விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாம். நான் சட்டம் படிக்கப் போனேன். நீ பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் திரும்பினாய். ஊருக்கு முன்னால் என்னை ‘வக்கீலய்யா’ என்பாய்; தனியே இருந்தால் ‘ஏலே’தான். அப்படி ‘வக்கீலய்யா’ என்று கூப்பிட்டபடி ஒருநாள் ஒரு பெண் மருத்துவரை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தாய். மதுரையில் ரத்த நோய்களை ஆராய்பவர். உங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்குள் இரண்டு பெண்கள் பிரசவத்தை ஒட்டி இறந்திருந்தார்கள். ஒருத்தி உன் தங்கை. இருவருக்கும் உடலெங்கும் சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்திருந்தது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இது பரம்பரையாக இறங்கும் நொதிக் குறைபாடாக இருக்கலாம் என்று அவர் ஐயப்பட்டார்; ஊரார் ரத்தத்தைச் சோதிக்கக் கேட்டார்.

“ரத்தத்துல நீளமா ஒரு பசைச் சரடு ஓடும். அதை அளவா நறுக்கிவிட ஒரு நொதி உண்டு. அது இல்லாதவங்களுக்குச் சரடு நீளமாவே கெடந்து ரத்தத்தைக் கட்டவைக்கும்” என்று அவர் விளக்கினார்.

“கத்திரிக்கோல் இல்லாத தையக்கடைன்னு சொல்லுங்க” என்றாய். மருத்துவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

ரத்தம் கொடுக்க ஊர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தது. “இன்ன வீட்டு ரத்தம் கெட்டதுன்னு பேரு கெளம்பிருச்சுன்னா எங்க புள்ளைகள யாருய்யா கட்டுவா?” என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். ஆகவே ரத்தக் குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மாதிரிகள் மலையிறங்கும் முன்பே அழிக்கப்படும். முடிவு எவருக்கும் தனியே தெரிவிக்கப்படமாட்டாது. இந்த மூன்று விதிகளையும் எழுதியவன் நான். ஓர் ஓட்டைகூட இல்லாமல் எழுதியதாக எனக்குப் பெருமை இருந்தது. பட்டியலையும் என் கையாலேயே எழுதினேன்.

கடைசிக் குப்பி பெட்டிக்குள் போனதும் என்னை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாய்.

“ஏலே, ஒரு நகல் ஒன் பெட்டிக்குள்ள கெடக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?”

“எழுதிக் கொடுத்தாச்சு. மீறினா நாளைக்கு எவனும் என் தாளை நம்பமாட்டான்.”

“தாள நம்புவான். ஒன்னய?”

பெரியவர் பார்த்திருக்க, உன் வீட்டு அடுப்பில் அந்தத் தாளை இட்டேன்.

ஐந்து மாதம் கழித்து மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். இருபத்தேழாம் எண்ணில் அந்த நொதி ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு காய்ச்சல் போதும், அந்த ஆள் விழுந்துவிடலாம். ஆனால் தெரிந்திருந்தால், நொதி உள்ள பிறர் ரத்தத்தின் பிளாஸ்மாவை ஏற்றிக் காப்பாற்றலாம். அது யாரென்று கண்டுபிடிக்க அனைவரும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

வீடு வீடாகப் போனவன் நீ. “மொதல்ல எடுத்த ரத்தத்தக் குடிச்சுத் தீத்துட்டாங்களாக்கும் ஒங்க டாக்டரம்மா” என்று ஒருத்தி கதவைச் சாத்தியதை என்னிடம் நடித்துக் காட்டினாய். ஒன்பது பேர்தான் கையை நீட்டினார்கள். நீயும் உன் மச்சினனும் நீட்டவில்லை. உன் மகளுக்குப் பூம்பாறையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. “நான் மொதல்ல குடுத்தா எனக்குத்தான்னு முடிவு கட்டிருவாங்க. பேச்சு முடியட்டும், கடைசியில குடுக்கேன்” என்றாய்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். பட்டியல் எரிந்துவிட்டது, அதை எழுதியவனுடைய நினைவு எரியவில்லை. இருபத்தாறாவதாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அடுத்து நீயும் உன் மச்சினனும் “நீ போ, நீ போ” என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றீர்கள். யார் முன்னே உட்கார்ந்தது என்று மட்டும் நினைவில்லை. முப்பத்தெட்டுப் பேரில் அது உங்கள் இருவரில் ஒருவர்தான் என்பது மருத்துவர் எண்ணைச் சொன்ன அந்தக் கணமே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒருமுறை நீ என் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்தாய்.

“என்னலே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல. வெரசா ரத்தத்தக் குடு.”

“பூண்டு புடுங்குற சோலி கெடக்கு. அது முடியவும் ஒருநாள் வெள்ளனே கெளம்பி வாரேன்.”

நான் தலையாட்டினேன். பாதி நினைவைச் சாட்சியமாக வைப்பது முறையல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேரைத் தனித்தனியே அழைத்து, “அது நீயாக இருக்கலாம்” என்று சொல்ல எந்தச் சாட்சியமும் தேவைப்பட்டிருக்காது.

பூண்டு எடுப்பு முடியும் முன்பே உனக்குக் காய்ச்சல் கண்டது. கால்களில் ஊதாப் புள்ளிகள். வத்தலக்குண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன, ஊரெல்லாம் டெங்கு பரவியிருந்த காலம். அதற்குரிய வைத்தியத்தையே செய்தார்கள். அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. மூன்றாம் நாள் உன் மனைவி என்னை அழைத்து, உனக்குப் பேச்சு குழறுகிறது என்றாள். நான் மதுரைக்குச் சொன்னேன். மருத்துவர் பிளாஸ்மாவோடு வந்து சேர்ந்தபோது உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் மீந்திருந்த உன் ரத்தத்தைச் சோதித்தார்கள். இருபத்தேழு நீதான்.

பூம்பாறைப் பேச்சு நின்றுபோனது. உன் காரியம் முடிந்த மறுவாரமே உன் மகள் ஊர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குப்பியில் தன் பெயரை எழுதச் சொன்னாள். அவளுக்கு அந்த நொதி பாதியளவு இருக்கிறது, நோய் வராது. அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. இப்போது வேறு ஊர்களுக்கு நான் எழுதித் தரும் படிவங்களில் பட்டியலை முத்திரையிட்டுக் காக்கும்படி ஒரு விதி உண்டு. அதை எழுதும்போது எனக்குப் பெருமை எதுவும் வருவதில்லை.

வாரிசுச் சான்றுக்கான மனுவில் கையெழுத்திட உன் மகள் என் அலுவலகத்துக்கு வந்தாள். உனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். இருபத்தாறாவது பெண்ணையும், நீங்கள் இருவரும் தள்ளிக்கொண்டதையும், அந்தத் தேநீரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மனுவை ஒருமுறை முழுவதும் படித்தாள். காட்டிய இடங்களில் கையெழுத்திட்டாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மாமா” என்றாள்.

பிறகு எழுந்து, கவுஞ்சிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதற்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.