சடங்குச் சட்டையின் அளவு

மகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே கதைப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று கிளினிக்கில் மிதுனாவின் புது எக்ஸ்ரேயைப் பார்த்தோம். முதுகெலும்பின் வளைவு கூடவில்லை. வளர்ந்து முடியும்வரை முதுகைச் சுற்றிப் போடும் இந்தப் பிளாஸ்டிக் பிரேஸை ஒழுங்காகப் போட்டால், ஒப்பரேஷன் தேவைப்படாமலே போகலாம் என்றார் டொக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் சிரித்தாள்.

அப்படியே வெள்ளவத்தைக்கு வந்து, அவள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்குச் சேலைச்சட்டை தைக்கக் கொடுக்கப் போனோம். வீடியோவில் பிரேஸ் தெரியக்கூடாது, அன்றைக்கு மட்டும் கழற்றட்டும் என்று நீங்கள் சொன்னீர்களே. அதனால், "கழட்டிப்போட்டு வாம்மா, அளவெடுக்க" என்றேன்.

அவள் அசையவில்லை.

"இதோடயே எடுக்கட்டும் அம்மா. அண்டைக்கும் நான் வளருவன்தானே."

தைக்கிற லுத்பியா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அளவு நாடா பிரேஸுக்கு மேலால் சுற்றி வந்தது.

கழற்றச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சட்டை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஏன் இப்படி என்று உங்கள் அக்கா கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்.

டோஹாவில் லீவு கேட்டுவிட்டீர்களா? கட்டாயம் வாருங்கள். வீடியோக்காரரிடம் அவளைப் பின்பக்கத்தாலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், பிரேஸ் தெரிந்தால் தெரியட்டும்.

இப்படிக்கு,
மகளின் அம்மா